திரையின் பின்பக்கம்

ஆம்பூரில் எனக்குக் கிடைத்த அறைக்கு ஒரே ஜன்னல். அதற்குக் கதவு கிடையாது, கம்பி மட்டும்தான். அது வீட்டுக்கார சாயபுவின் உள்முற்றத்தைப் பார்த்து இருந்தது. அவர் வீட்டுப் பெண்கள் பாத்திரம் துலக்குவதும் துணி உலர்த்துவதும் அங்கேதான்.

"ஜன்னலுக்குப் பர்தா ஒண்ணு கட்டிக்கோ. எங்க ஜனங்க உன் கண்ணுல பட்டாங்கன்னு தெரிஞ்சா, மறுநாளே மூட்டையக் கட்டிக்க வேண்டியதுதான்," என்றார் சாயபு. அவர் தோல் வியாபாரி. ஒரு தடவை சொன்னதை மறுதடவை சொல்கிற வழக்கம் அவரிடம் இல்லை.

அதுவரை நான் வேலை பார்த்த தோல் பதனிடும் டேனரியின் பட்டைக் கிடங்கில், ஆவாரம்பட்டைக் கட்டுகள் மேல் படுத்துக்கொண்டிருந்தேன். அதற்கும் முன்னால் சத்திரங்கள், ரயிலடிகள். மூன்றாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன், ஓட்டத்தை நிறுத்தி உள்ளே தாழ் போட்டுப் படுத்த முதல் இடம் அந்த அறை. அதை விட எனக்கு மனமில்லை.

ஆனால் வீடே இல்லாதவனுக்குத் திரை வாங்கத் தெரியுமா? ஜவுளிக்கடையில் ஒவ்வொரு துணியாகத் தடவிப் பார்த்துக்கொண்டு, பெரிய பங்களாக்காரனைப் போல நெடுநேரம் நின்றேன்.

"இன்னாப்பா, கல்யாணமா?" என்றார் கடைக்காரர்.

"ஜன்னலுக்குங்க."

"ஜன்னலுக்கா? அப்ப பொண்ணு இன்னும் அமையல," என்றார்.

கடைசியில் குடியாத்தம் லுங்கி ஒன்றை எடுத்தேன். பச்சைக் கட்டம். திரை அலுத்துவிட்டால் கட்டிக்கொள்ளலாம் என்பது என் சாமர்த்தியம். சுண்ணாம்புக் குழி வேலையில் விரல் நுனியெல்லாம் ஓட்டை விழுந்திருந்ததால் ஊசி பிடிக்க முடியவில்லை. ஆணி அடித்து மாட்டினேன். அன்று சாயங்காலம் விளக்கேற்றி, இருந்த ஒரே சட்டையைத் துவைத்துப் போட்டுவிட்டு, முதுகுச் சொறிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டேன். முதுகில் கை எட்டாமல் பல கோணங்களில் வளைந்தேன். முற்றத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. சந்தோஷமான குடும்பம் என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் சாயபு வந்தார். "உன் நெழலு பூரா பர்தா மேல ஆடுது. கூத்தா நடத்துற? வேற கட்டு."

ஒளி புகாத பொருள் எது என்று யோசித்தேன். நான் பகலெல்லாம் தூக்கிச் சுமப்பதே அதுதானே. கத்தி பட்டுக் கிழிந்து, விலை போகாமல் ஒதுக்கிய ஆட்டுத்தோல் இரண்டை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கி வந்தேன். கிழிசலைப் பசை போட்டு ஒட்டி, இரண்டையும் சேர்த்து ஆணியடித்தேன். சூரியனே வந்தாலும் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. உலகத்தில் எவனுக்கும் தோன்றாத யோசனை என்று இரண்டு நாள் மிதப்பில் திரிந்தேன். டேனரிக்காரன் மூக்கு வேலைக்குச் சேர்ந்த மாதமே வேலையை விட்டுவிடும் என்பது அப்போது என் நினைவில் இல்லை.

மூன்றாம் நாள் சாயபு மூக்கில் கைக்குட்டையோடு வாசலில் நின்றார்.

"இன்னா தொங்க விட்டிருக்க?"

"தோலுங்க. நல்ல கனம். நிழலே தெரியாது."

"தோலா? நானே தோல் வியாபாரி. இந்த நாத்தம் வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னுதான் மண்டிக்கு இம்மாந்தூரத்துல வீடு கட்டினேன். நீ அத ஆணி அடிச்சி எங்க சமையக்கட்டுக்கு அனுப்புற. காலி பண்ணிடு."

பாயைச் சுருட்ட ஆரம்பித்தேன். என் சாமான் கட்டுவதற்கு அதிக நேரம் பிடிக்காது.

அப்போது தோலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. சாயபுவின் வீட்டம்மாள். "ஏங்க, அந்த ஆள ஏன் பேஜார் பண்றீங்க? கோஷா மறைப்பு நமக்குத்தானே, அவருக்கா? நம்ம பக்கத்துல நாமளே கட்டிக்கிறோம். அந்தத் தோல மட்டும் எடுக்கச் சொல்லுங்க. ரெண்டு நாளா பசங்க சோறு திங்கல."

சாயபு கைக்குட்டையை எடுத்துவிட்டு, நாற்றம் தாக்கவே உடனே மறுபடி வைத்துக்கொண்டார். "அத மொதல்ல கழட்டு," என்று சொல்லிவிட்டுப் போனார். காலி பண்ணு என்று மறுபடி சொல்லவில்லை. நான் பாயை விரித்தேன்.

சாயந்திரம் அவர்கள் பக்கத்தில் திரை ஏறியது. கனமான துணி, உள்துணி வைத்துத் தைத்தது. வளையல் சத்தம் கேட்டது, கை தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது உள்துணியும் தையல் முடிச்சுகளும்தான். அங்கங்கே சிவப்பு நூலும் மஞ்சள் நூலும் ஊடுருவி வந்திருந்தன. அந்தப் பக்கம் பூவேலை இருக்க வேண்டும். மயிலாகவும் இருக்கலாம்.

அந்த அறையில் நான் இருந்த காலம் முழுக்க அந்த முடிச்சுகளைப் பார்த்துக்கொண்டேதான் படுத்திருந்தேன். லுங்கியை இடுப்பில் கட்டிக்கொண்டேன். பிறகு பழையபடி ஊர் சுற்றக் கால் அரிக்க ஆரம்பித்தது. சாவியைக் கொடுக்கப் போனபோது சாயபுவிடம் கேட்டே விட்டேன்.

"அந்தப் பர்தாவுல முன்பக்கம் இன்னா போட்டிருக்குதுங்க?"

"அது உனக்கு எதுக்கு?" என்றார் சாயபு.