ஞானசிகாமணி சாருக்குப் பக்கம் புரட்டியவன் எழுதுவது

என் எழுத்து ஒழுங்காக இராது. கோடு போட்ட நோட்டில்தான் எழுதுகிறேன், இருந்தும் வரி மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்குகிறது. சில எழுத்து பெரிதாகவும் சில எழுத்து கடுகு போலவும் விழுகிறது. ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு காலை நேரம் முழுவதும் வேண்டும். பாடகர் குழுவில் உள்ள நீங்கள் எல்லோரும் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் எழுத்துப் படித்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. எழுபத்து நான்கு வயதில் கை அப்படித்தான் போகும்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் இதே நோட்டில் எட்டாவது வரி எழுதிக்கொண்டிருந்தேன். நம் குழுவில் பாடும் ஸ்டெல்லா வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள்.

"மாமா, நம்ம சாரு போயிட்டாரு."

"எங்க போனாரு?" என்று கேட்டேன். ஆஸ்பத்திரிக்கு என்றுதான் நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

நான் எழுதிக்கொண்டிருந்தது சபைக் கமிட்டிக்கு ஒரு கடிதம். சாரைப் பற்றியது. அதை அவர் உயிரோடு இருக்கும்போதே கமிட்டியில் வாசிக்க வேண்டும், அவர் காதால் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். என் கை பிந்திவிட்டது. அதனால் அந்தக் கடிதத்தை நிறுத்திவிட்டு இதை உங்களுக்கு எழுதுகிறேன். ஒன்பது வருஷத்துக்கு முன்பு சார் பாடகர் குழுவை விட்டது கை நடுங்கியதால் என்றுதான் எல்லோரும் இன்றும் நம்புகிறீர்கள். அவர் அடக்கத்தின்போதும் இரண்டு பேர் அப்படிப் பேசிக்கொண்டார்கள். அது உண்மை அல்ல. உண்மை எனக்குத் தெரியும்.

சார் பிறந்தது அருமனைப் பக்கம். சின்ன வயதிலேயே சென்னைக்குப் போய், வெள்ளைக்காரர்களின் சங்கீதத்தை முறையாகப் படித்துப் பரீட்சை எல்லாம் எழுதியவர். சினிமா இசைக்குழுவில் பியானோ வாசித்தார். பிறகு முப்பது நாற்பது வயலின்காரர்களை ஒரு சின்னக் குச்சியால் நடத்தும் நடத்துனர் ஆனார். மனைவி இறந்த பிறகு, மகளும் கல்யாணம் ஆகி தோஹாவுக்குப் போய்விட்டதால், பியானோவை லாரியில் ஏற்றிக்கொண்டு இரணியலுக்கு அருகில் உள்ள நம் ஊருக்கு வந்தார்.

அந்தப் பியானோவை இறக்கிய ஆறு பேரில் நான் ஒருவன். அப்போது எனக்குச் சந்தையில் மூட்டை தூக்கும் சுமட்டு வேலை. பலகைப் பெட்டிக்குள் அடைத்து வந்திருந்தது. லாரியிலிருந்து சரித்து இறக்கி, சார் வீட்டு முற்றத்தில் வைத்தோம். உள்ளே ஏதோ பெரிய மிருகம் முனகியது போலச் சத்தம் கேட்டது. சார் வெளியே வந்து பெட்டியைச் சுற்றி நடந்தார். பிறகு குனிந்து, தலையைச் சாய்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

"இஞ்ச என்ன எழுதியிருக்கு தெரியுமா? 'இந்தப் பக்கம் மேலே.' மேல இருக்க வேண்டியது தரையில கெடக்கு. ஆறு பேருல ஒருத்தனும் வாசிக்கல்லியா?"

மற்ற ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். நான்தான் வாய்க்காரன். "வெயிலு பாத்தியளா சாரே, கண்ணு கூசிப் போச்சு" என்றேன்.

"ஆறு பேருக்குமா?" என்று கேட்டுவிட்டு அவர் சிரித்த சிரிப்பு! கோபப்படவில்லை. எனக்கு எழுத்துத் தெரியாது என்பதை முதல் நாளே கண்டுகொண்டார். கடைசி வரை ஒருவரிடமும் சொல்லவில்லை.

சினிமாவில் அவரைப் பார்த்ததாகச் சொல்லாத ஆள் நம் ஊரில் கிடையாது. ஆனால் பார்த்தது என்ன? விருந்து நடக்கும் பெரிய பங்களாவில் கறுப்புக் கோட்டுப் போட்டு ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு பியானோ வாசிப்பார். அது சார். கதாநாயகன் பியானோ வாசிக்கும்போது கையை மட்டும் கிட்டத்தில் காட்டுவார்கள். அந்தக் கையும் சாருடையது. "நான் நடிச்சது பூரா முதுகாக்கும். எம் முதுகப் பாக்காதவன் இந்தத் தமிழ்நாட்டுல உண்டுமா?" என்பார்.

ஒரே ஒரு படத்தில் முகம் வரும். டாக்டராக மாடிப்படி இறங்கி வந்து, கண்ணாடியைக் கழற்றி, தலையை மெதுவாக இடமும் வலமும் ஆட்டுவார். பேச்சு கிடையாது. நோயாளி பிழைக்க மாட்டார் என்று அர்த்தம். நானும் என் வீட்டுக்காரி ஏசுவடியாளும் தக்கலையில் அந்தப் படத்தை மூன்று தடவை பார்த்தோம். அவர் ஊருக்கு வந்த பிறகு சந்தையில் மீன் விற்கும் அம்மா அவரைத் தூரத்தில் கண்டதுமே கூப்பாடு போடுவாள்: "சாரே, எம் மீனப் பாத்து மட்டும் தலய ஆட்டிராதேயும், யாவாரம் போயிரும்!" சார் அதற்காகவே மீனைக் குனிந்து பார்த்துத் தலையை ஆட்டுவார். பிறகு அதே மீனை வாங்கிக்கொண்டு போவார்.

நம் ஆலயத்தின் பாடகர் குழுவை அவர் எடுத்து நடத்தத் தொடங்கியபோது, பக்கத்தில் நின்று பக்கம் புரட்ட ஆள் வேண்டியிருந்தது. முதலில் நின்றவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். பாட்டில் லயித்து நின்றுவிடுவார். அடுத்து வந்தவர் இங்கிலீஷ் படித்தவர். தனக்கும் தெரியும் என்று காட்ட இரண்டு வரிக்கு முன்னாலேயே புரட்டிவிடுவார். அன்று நான் பெஞ்சு நகர்த்த வந்திருந்தேன். சார் என்னைக் கூப்பிட்டார்.

"பொன்னுமணி, நீ இஞ்ச வந்து நில்லு."

"சாரே, எனக்கு..." என்று இழுத்தேன்.

குரலைத் தாழ்த்தினார். "தெரியும்லே. அதுக்குத்தான் கூப்பிடுகேன். படிச்சவன் புஸ்தகத்தப் பாப்பான். நீ எம் மொகத்தப் பாப்ப. நான் தாடைய எறக்கினா புரட்டு. அவ்வளவுதான் வேலை."

எனக்குப் பிடி கிடைக்கட்டும் என்று ஒவ்வொரு தாளின் கீழ் நுனியையும் அவரே மடித்து வைப்பார். பதினொரு வருஷம் அவர் தாடையைப் பார்த்தேன். அதில் எனக்கு வந்த மரியாதையைச் சொல்ல வேண்டும். சுமட்டுக்காரன் பொன்னுமணி இங்கிலீஷ் சங்கீதப் புத்தகம் பார்த்துப் பக்கம் புரட்டுகிறான் என்று ஊரெல்லாம் பேச்சு. ஆட்கள் பாங்கிலிருந்து வந்த கடிதத்தை எல்லாம் என்னிடம் கொண்டுவந்து நீட்டுவார்கள். "கண்ணாடி எடுக்கல்ல மக்கா" என்பேன். எனக்குக் கண்ணாடியே கிடையாது. ஏசுவடியாள் அடுக்களையிலிருந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

இனி, சார் குழுவை விட்ட வருஷத்துக் கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனை. சாயங்காலம் நல்ல மழை. ஆலயம் நிரம்பி, வராந்தாவிலும் குடையோடு ஆட்கள். சார் அந்த வாரம்தான் எழுதி முடித்த புதுப் பாட்டு, நான்கு குரலுக்கு. வாசித்துக்கொண்டே உங்களையும் நடத்தினார். உங்களில் பழையவர்களுக்கு நினைவிருக்கும், எவ்வளவு அழகாகத் தொடங்கியது. மூன்றாம் பக்கத்தில் சார் தாடையை இறக்கினார். புரட்டினேன். மழை ஈரத்தில் இரண்டு தாள்கள் ஒன்றாக ஒட்டியிருந்தன. இரண்டும் சேர்ந்து போயின.

சார் வாசித்தது ஒன்று, நீங்கள் பாடியது ஒன்று. பெண்கள் ஒரு பக்கம் போக, ஆண்கள் இன்னொரு பக்கம் போனீர்கள். சார் ஒரு கணம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை குற்றம் சொல்லவில்லை. தாளைத் திரும்பப் புரட்டச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. எனக்குத் தெரிந்தது தாடை மட்டும்தானே! நான் மரம் மாதிரி நின்றேன். அவர் கையைத் தூக்கிப் பாட்டை நிறுத்தினார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அடுத்த பாட்டுக்குப் போனார். அந்தப் பாட்டு அதோடு நின்றது. யாரோ அதைப் போனில் எடுத்து, சிரிக்கிற பொம்மை எல்லாம் போட்டு அனுப்பினார்கள்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடியது. நான் அதே இடத்தில் பெஞ்சு நகர்த்திக்கொண்டிருந்தேன்.

"சாரே, தப்பா எடுக்கப்பிடாது. கண்ணு தெரியல்லியா, கை ஓடல்லியா?" என்று செயலாளர் கேட்டார்.

"ரெண்டுக்கும் வயசாச்சு இல்லா" என்றார் சார்.

"அப்பம், ஒரு எளவட்டத்துகிட்ட குடுத்தா..."

"குடுங்க. நல்லா செய்வான்." பாட்டுப் புத்தக அலமாரியின் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தார். சாருக்குக் கை நடுக்கம் என்று அன்றே ஊரில் பேச்சானது.

நான் பெஞ்சின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "புரட்டினது நான்" என்று சொல்ல இரண்டே வார்த்தை போதும். சொன்னால், பாட்டு வரியைப் பார்த்துத் திருத்தியிருக்கலாமே என்று கேட்பார்கள். எனக்கு எழுத்துத் தெரியாது என்பது ஊருக்குத் தெரிந்துவிடும். என் பொய் மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டேன். அவருடைய உண்மையான மரியாதை போயிற்று. அடுத்து வந்த தம்பியின் மேல் ஒரு பிழையும் இல்லை. அவன் நன்றாகவே நடத்துகிறான். பிழை என்னுடையது.

அடுத்த சனிக்கிழமை ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டார். அடி விழும் என்றே போனேன். அவர் பியானோவின் கீழ்ப் பலகையைக் கழற்றி, மழைக்காலத்தில் ஈரம் ஏறாமல் இருக்க உள்ளே ஒரு குண்டு பல்பை எரிய விட்டுக்கொண்டிருந்தார். "தாளு ஒட்டும் மக்கா. மழையில்லா" என்றார். "வா, நில்லு" என்று வாசிக்கத் தொடங்கிவிட்டார். அதன் பிறகு எல்லாச் சனிக்கிழமையும் அந்த வீட்டில், கேட்க வேறு ஆள் இல்லாமல், அவர் வாசிக்க நான் புரட்டினேன்.

ஏசுவடியாள் போன பிறகு, பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் உட்கார்ந்தேன். ஷைனி டீச்சருக்கு என் பேத்தி வயது. எழுத்துக் கூட்டத் தெரிந்ததும் நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். நாகர்கோவிலில் பஸ் ஏறினேன், தக்கலையில் இறங்க வேண்டும். வழியில் ஒவ்வொரு போர்டாக வாசித்துக்கொண்டே வந்தேன். நகைக்கடை, பல் ஆஸ்பத்திரி, சிமெண்டு, இட்லி மாவு, யாருக்கோ கல்யாண வாழ்த்து. எத்தனை எத்தனை! ஒன்றையும் விட மனமில்லை. கண்டக்டர் வந்து, "பாட்டா, களியக்காவிளை வந்தாச்சு. இனி கேரளாதான். எறங்குகியளா, இல்ல மலையாளமும் வாசிக்கணுமா?" என்றார்.

இதைச் சாரிடம் சொன்னேன். அப்போது அவர் படுக்கையில் இருந்தார். இருமல் வரும்வரை சிரித்தார். "கொள்ளாம்லே, கொள்ளாம்" என்று என் கையைத் தட்டினார். அந்தச் சிரிப்பில் எனக்குத் தைரியம் வந்தது.

"சாரே, வாற ஞாயிறு சபையில எழும்பிச் சொல்லப் போறேன். புரட்டினது நானுண்ணு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். தலையை மெதுவாக இடமும் வலமும் ஆட்டினார். அதே டாக்டர். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"வாயால சொல்லாண்டாம். எழுது" என்றார்.

"எதுக்கு சாரே?"

"சொன்னா ஒன்னுதான் தெரியும். எழுதினா ரெண்டும் தெரியும். நீ அண்ணைக்குப் புரட்டினதும் தெரியும், இண்ணைக்கு எழுதுகதும் தெரியும்."

"எனக்கு ஒரு வரிக்கு அரைமணிக்கூறு ஆவும் சாரே."

"பைய எழுது. நான் எங்க போவப் போறேன்?"

எட்டு வரி முடியவில்லை, போய்விட்டார்.

அடக்கம் முடிந்து, தோஹாவிலிருந்து வந்திருந்த அவர் மகள் அந்தப் பாட்டின் கையெழுத்துத் தாள்களை என்னிடம் கொடுத்தாள். "அப்பா ஒங்களுக்குன்னு எடுத்து வச்சிருந்தாங்க, மாமா." வீட்டுக்கு வந்து விரித்தேன். நுனிகள் மடித்தபடியே இருக்கின்றன. சங்கீதக் குறி எனக்கு இன்றும் தெரியாது. அதன் கீழே உள்ள தமிழ் தெரிந்தது. அன்று நான் தாண்டிப்போன பக்கங்களை முதல் தடவையாக வாசித்தேன். மேய்ப்பர்கள் பிள்ளையைப் பார்க்கிறார்கள், கும்பிடுகிறார்கள், ஆடு தனியாக நிற்குமே என்று திரும்பிப் போகிறார்கள். அவ்வளவுதான் விஷயம். அதை எழுதிய மனிதருக்கு அதை ஆலயத்தில் முழுசாகப் பாடிக் கேட்கக் கிடைக்கவில்லை.

உங்களிடம் இரண்டு காரியம் கேட்கிறேன். சார் குழுவை விட்டது கை நடுங்கியதால் அல்ல, பொன்னுமணி இரண்டு தாளைப் புரட்டியதால் என்று கமிட்டிப் புத்தகத்தில் எழுத வேண்டும். கையெழுத்து நான் போடுவேன், கைநாட்டு அல்ல. இன்னொன்று, இந்தக் கிறிஸ்துமஸுக்கு அந்தப் பாட்டை முழுசாகப் பாட வேண்டும். உங்களிடம் அன்று இருந்த தாள்கள் தொலைந்திருக்கும். அடுத்த வாரம் முழுவதும் உட்கார்ந்து பாட்டின் வரிகளை நானே பெரிய எழுத்தில் எழுதி, சனிக்கிழமை பயிற்சிக்குக் கொண்டுவருகிறேன். கோணலாகத்தான் இருக்கும். பாடிக்கொள்ளுங்கள்.

பக்கம் புரட்ட என்னையே விடுங்கள். இப்போது எனக்கும் எழுத்துத் தெரியும், என்றாலும் புத்தகத்தைப் பார்க்க மாட்டேன். வாசிப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதுதான் சார் எனக்குக் கொடுத்துப்போனது. அதை வைத்திருக்கிறேன். அதோடு நானாகக் கற்றுக்கொண்டது ஒன்றும் உண்டு. தாடை இறங்குவதற்கு முன்பே, மடித்த நுனியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து ஒரு தடவை தேய்த்துப் பார்ப்பேன், ஒரு தாளா, இரண்டா என்று.