வண்டியா, மிஷினா, மாடா?

தாடை உடைந்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களிடம் அந்த நர்ஸ் கேட்கும் முதல் கேள்வி, "வண்டியா, மிஷினா, மாடா?" ஓசூர்ப் பக்கம் முகம் உடைய இந்த மூன்று வழிதான் போலிருக்கிறது. நான் போன அன்றைக்கு வரிசையில், தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் ராடு தெறித்து முகத்தில் வாங்கியவர் ஒருவர், கெலமங்கலத்தில் மாடு உதைத்த விவசாயி ஒருவர், மீதிப் பேரெல்லாம் வண்டி. நானும் வண்டிக் கட்சிதான். அதிலும் அரை ஹெல்மெட் கோஷ்டி.

அரை ஹெல்மெட் தலையில் சட்டியைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். காதுக்குக் கீழே ஒன்றும் கிடையாது. சூளகிரியில் எங்கள் கம்பெனி கேட்டில் ஹெல்மெட் இல்லாமல் போனால் செக்யூரிட்டி உள்ளே விடமாட்டார். என்ன ஹெல்மெட் என்று அவர் பார்ப்பதில்லை. அதனால் எங்களில் பாதிப் பேர் ஹைவே ஓரத்தில் விற்கும் சட்டியைத்தான் வாங்குவோம். எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. முழு ஹெல்மெட் போட்டால் பின்னால் இருப்பவரோடு பேச முடியாது. பேசாமல் வண்டி ஓட்ட எனக்கு வராது. இந்த லட்சணத்தில் நான் லைன் சூப்பர்வைசர் வேறு. தினமும் காலையில் எல்லோரையும் நிற்கவைத்து, பாதுகாப்பைப் பற்றி வாய் கிழியப் பேசுகிறவன்.

அன்றும் பேசிக்கொண்டேதான் போனேன். புது மேனேஜர் எப்படி முறைப்பார் என்று பின்னால் இருந்த நண்பருக்கு நடித்துக் காட்டத் திரும்பினேன். சர்வீஸ் ரோட்டு வேகத்தடை என் நடிப்பை ரசிக்கவில்லை. நண்பருக்கு முழங்கையில் சிராய்ப்பு, எனக்குத் தாடை இரண்டு இடத்தில் உடைந்தது.

"மண்டைக்குச் சட்டி கவுத்துக்கிட்டீங்க, சரி. மூஞ்சிய ரோட்டுக்குன்னு விட்டுட்டீங்களா சார்?" என்றார் டாக்டரம்மா. ஆபரேஷனில் எலும்பில் தகடு வைத்து, மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டிவிட்டார். வாரக்கணக்கில் ஸ்ட்ராவில் கஞ்சித் தண்ணிதான். லைன் பையன்கள் ஸ்வீட் வாங்கிக் கொண்டாடியதாகக் கேள்வி.

சிரிப்பெல்லாம் அத்தோடு சரி. என் மகளுக்கு நாலு வயது. முகம் வீங்கிக் கிடக்க, பல்லைக் கடித்தபடி நான் எதைச் சொன்னாலும் அவளுக்குக் கோபமாகவே கேட்டது. "அம்மா, அப்பா திட்றாரு!" என்று ஓடிவிடுவாள்.

"திட்டல புள்ள, அப்பாவுக்கு வாயில கம்பி கட்டியிருக்கு," என்று என் மனைவி சொன்னாலும் நம்பவில்லை. என் தட்டில் கைபோட்டுச் சாப்பிட்டவள், நான் வந்து உட்கார்ந்தால் எழுந்து போனாள். தாடை வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், இதைப் பொறுக்க முடியவில்லை. பாத்ரூமுக்குள் போய் அழுதேன். அடச்சே, அதுவும் ஒழுங்காக முடியவில்லை. வாய் கட்டியிருக்கும்போது மூக்கு அடைத்தால் மூச்சே திணறும்.

கம்பியை எடுத்த பிறகும் வாய் திறக்கவில்லை. ஐஸ் குச்சிகளைப் பல்லுக்கு நடுவில் ஒவ்வொன்றாகச் செருகிப் பழகச் சொன்னார் டாக்டரம்மா. ஒருநாள் கூடத்தில் உட்கார்ந்து அந்தக் குச்சிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கதவோரம் தயிர்ச்சோற்றுக் கிண்ணத்தோடு நின்ற மகள், குச்சி இருக்கிறது, ஐஸ் எங்கே என்று பார்க்க வந்தாளோ என்னவோ, பக்கத்தில் வந்தாள். என் வாயையே கொஞ்ச நேரம் பார்த்தாள். குச்சிகளை உருவிக் கீழே வைத்தாள். சோற்றை உருட்டிக்கொண்டு, தன் வாயைப் பெரிதாகத் திறந்து காட்டினாள்.

"அப்பா, ஆ காட்டு. ஆ..."

காட்டினேன். உருண்டை நுழையவில்லை. அவள் அதைப் பிரித்து, ஒவ்வொரு பருக்கையாக உள்ளே தள்ளினாள்.