அம்மாவின் கன்னடக் கையெழுத்து

அம்மாவுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தது நான்தான். அப்போது நீலசந்திராவில் ஒரு கன்னடப் பள்ளியில் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் என்பதால் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று வீட்டில் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

தாத்தா இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவர் கட்டிய ஷீட் வீட்டில் முன்னறையில் மாமா குடும்பம், பின்னறையில் நானும் அம்மாவும். நான் பிறந்த வருடமே அப்பா போய்விட்டார். அம்மா ஊதுபத்தி உருட்டி என்னைப் படிக்கவைத்தாள். அதுவரை குச்சி ஐஸ் தவிர வேறெதுவும் வாங்கித் தராத மாமா, ஒரு நாள் எனக்கு இங்க் பேனா வாங்கிவந்தார்.

"தாத்தா பேர்ல இருக்கற வீட்டுக் காத்தாவை மாத்தணும்டா, வரி கட்டறதுக்கு. ரிஜிஸ்டர் ஆபீசுல உங்கம்மா கைநாட்டு வெச்சா நாலு பேர் சிரிப்பான். நீ கத்துக்குடு. கன்னடத்துலயே கத்துக்குடு, அப்பதான் மரியாதை."

அம்மாவின் பெயரில் நான்கு எழுத்து. ஊதுபத்திக்காகப் பலகையில் பிசைந்து வைத்த கறுப்பு மசாலாவில் மூங்கில் குச்சியால் எழுதிப் பழகினாள். கன்னட எழுத்துக்கு மேலே சின்னதாக ஒரு தலைக்கட்டு உண்டு. அதை எப்போதும் மறந்துவிடுவாள். "முண்டாசு கட்டும்மா" என்பேன். "இந்த வயசுல எனக்கு முண்டாசு ஒண்ணுதான்டா கொறச்சல்" என்று சிரித்துக்கொண்டே கட்டுவாள். பதினைந்து நாளில் நான்கு எழுத்தும் நின்றன.

ரிஜிஸ்டர் ஆபீசில் எங்களுக்கு முன்னால் ஒரு கிழவி. கைநாட்டு. அதனால் குமாஸ்தா அவளுடைய பத்திரத்தை முதலிலிருந்து கடைசிவரை உரக்கப் படித்தார். பிறகு அரைகுறைத் தமிழில் அர்த்தமும் சொன்னார். கிழவி பாதியில் கையைத் தூக்கினாள்.

"கெழக்கால ரோடுன்னா போட்டிருக்கீங்க? அங்க சாக்கடை மோரியில்ல சாமி ஓடுது!"

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் குமாஸ்தா அந்த வரியைத் திருத்தினார். எங்களுக்கு அரை மணி நேரம் வீண். இதற்குத்தான் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்று நான் பெருமையோடு அம்மாவைப் பார்த்தேன்.

எங்கள் முறை வந்தது. பத்திரத்தின் தலைப்பை எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'ஹக்கு பிடுகடெ பத்ரா.' ஹக்கு எனக்குத் தெரியும். பக்கத்துக் குடிசைக்காரர்களுக்கு அரசாங்கம் ஹக்கு பத்திரம் கொடுத்தபோது தெருவே பட்டாசு வெடித்தது. பிடுகடெ என்றால் விடுதலை, ஆகஸ்டு பதினைந்துக்கு நான் ஒப்பித்த பேச்சில் வந்த சொல்.

"உரிமை, விடுதலை. ரெண்டும் நல்ல வார்த்தைதாம்மா."

"பாத்தியாக்கா, உம் புள்ளையே சொல்லிட்டான்" என்றார் மாமா.

குமாஸ்தா நிமிர்ந்தார். "ஓதிதீராம்மா?" படித்தீர்களா என்று அவர் கேட்டது அம்மாவுக்குப் புரிந்தது. என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். "ஹூம் சார்" என்று சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்தபடி, என் பேனாவால் போட்டாள். ஒரு முண்டாசுகூட விட்டுப்போகவில்லை. "ஷபாஷ்!" என்றார் குமாஸ்தா.

ஆறு மாதம் கழித்து யாரோ இரண்டு பேர் டேப் வைத்து எங்கள் பின்னறையை அளந்தார்கள். மாமா வீட்டை விற்றுவிட்டிருந்தார்.

"நான் புள்ளைய வெச்சுக்கினு எங்கடா போவேன்?"

"நீதானேக்கா எழுதிக் குடுத்தே? ஆபீசர் முன்னாடி படிச்சேன்னு வேற சொன்னே."

அப்பன் கட்டிய வீட்டில் மகளுக்கும் சமபங்கு உண்டு என்பது அம்மாவுக்குத் தெரியாது. மாமாவுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததால்தான் கையெழுத்து கேட்டார். ஹக்கு பிடுகடெ என்பது அம்மா தன் பங்கை அவருக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரம். விடுதலை பெற்றது மாமாதான்.

அம்மா வேலை செய்த இடத்தில் சொல்லி ஒரு வக்கீலிடம் போனோம். நகலைப் புரட்டியவர் முதலில் கேட்டது, "கைநாட்டாம்மா, கையெழுத்தா?"

"கையெழுத்துங்க" என்றாள் அம்மா. குரலில் அப்போதும் கொஞ்சம் பெருமை மிச்சமிருந்தது.

வக்கீல் தாளைக் கீழே வைத்தார். "கைநாட்டா இருந்தா, இந்தம்மாவுக்குப் படிச்சுக் காட்டினியான்னு உங்க தம்பியைக் கேக்கலாம். கையெழுத்து, அதுவும் கன்னடத்துல. படிச்சிட்டுத்தான் போட்டீங்கன்னு கோர்ட்டு நெனைக்கும். ஏமாந்தேன்னு நீங்கதான் நிரூபிக்கணும். கேஸ் போடலாம், வருஷக்கணக்கா இழுக்கும்."

வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்குப் பசித்தது. அவர் சொன்னது காதில் விழுந்தது, தலையில் ஏறவில்லை.

அந்த மாதமே சாமான்களை ஒரு தள்ளுவண்டியில் ஏற்றி வாடகை அறைக்குப் போனோம். அங்கே இருந்தபோதுதான் பள்ளியில் மார்க் கார்டு கொடுத்தார்கள். வகுப்பில் இரண்டாவது. பேனாவோடு அம்மாவிடம் நீட்டினேன். அவள் பேனாவை வாங்கவில்லை. மசாலா படிந்த கட்டைவிரலைப் பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் அழுத்தினாள்.

"உனக்குத்தான் போடத் தெரியுமே! டீச்சர் சிரிப்பாங்கம்மா" என்று கத்தினேன்.

"சிரிச்சா சிரிக்கட்டும். மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரு எழுத்து விடாம படிச்சுக் காட்டு."

கணக்கு, சமூகம், வருகை நாட்கள், அச்சகத்தின் பெயர் வரை அழுதுகொண்டே படித்தேன். ஒரு மார்க் கார்டில் இவ்வளவு கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.