மூன்று முறை அமுக்கினால் மறுபடியும்

போன வாரம் புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒரு கடைக்குப் போய்ப் புதுப் போன் வாங்கினேன். பெட்டியைப் பிரித்துக் கையில் கொடுத்தார்கள். மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன், பக்கவாட்டில் தடவிப் பார்த்தேன். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பவர்கள்கூட அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்க மாட்டார்கள். கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை.

“என்னங்க மேடம் தேடுறீங்க?”

“ஹெட்செட் மாட்டுற ஓட்டை எங்கிட்டு இருக்கு?”

“அதெல்லாம் இப்ப யாருங்க வைக்கிறா? எல்லாம் புளூடூத்துதான். ஒயரே கெடையாது.”

ஏதோ நல்ல சேதி சொல்வதைப் போலச் சொன்னார். எனக்கு முகம் விழுந்துவிட்டது. என் கைப்பையின் உள்ஜிப்பில் ஒரு கறுப்பு ஹெட்செட் எப்போதும் இருக்கும். ஒயர் அங்கங்கே வெளுத்திருக்கும். காதுக்குச் சற்றுக் கீழே தொங்குகிற சின்னக் கட்டையில் ஒரே ஒரு பட்டன். அமுக்கி அமுக்கி அதன் நடுவில் குழி விழுந்துவிட்டது. நான் இன்றைக்குக் கறம்பக்குடியில் ஒரு அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். நான்கு பேர் ‘மேடம்’ என்று கூப்பிடுகிறார்கள். அந்த நாற்காலியை எனக்குப் போட்டுக் கொடுத்தது அந்தப் பட்டன். இப்படிச் சொல்லும்போது ‘பெருமைக்குச் சொல்லவில்லை’ என்று சேர்த்துக்கொள்வது வழக்கம். நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அந்த ஒயரை மூக்கருகே கொண்டுபோனால் புதுத்துணிக் கஞ்சி வாசனை வருவதாக எனக்குத் தோன்றும். உண்மையில் வராது. இத்தனை வருஷத்துக்கு எந்த வாசனை தங்கும்? ஆனாலும் தோன்றும். இந்த வேலைக்கு முன்னால் திருச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் சுடிதார் பிரிவில் நின்றுகொண்டிருந்தேன். வேலை பார்த்தேன் என்பதைவிட நின்றேன் என்பதுதான் சரி. உட்கார நாற்காலி கிடையாது. வேலை நேரத்தில் போனை வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். எங்கள் ஊர் குன்றாண்டார்கோவில் பக்கம். காலையில் அப்பா கீரனூர் வரைக்கும் வண்டியில் கொண்டுவந்து விடுவார். அங்கிருந்து திருச்சிக்குத் தனியார் பஸ். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். ஒரு நாளில் எனக்கென்று இருந்தது அந்த இரண்டு மணி நேரம்தான், அதுவும் ஒற்றைக் காலில்.

குரூப் ஃபோர் தேர்வை அதற்கு முன்பே இரண்டு தடவை எழுதி இரண்டிலும் கோட்டை விட்டிருந்தேன். இரண்டு தடவையும் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு எழுதியதால், விழுந்ததையும் ஊர் முழுக்கச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. “போதும்த்தா. படிச்சவரைக்கும் போதும்” என்றார் அப்பா. மூன்றாவது தடவை யாருக்கும் தெரியாமல் எழுதுவது, பாஸானால் மட்டும் வாயைத் திறப்பது என்று முடிவு செய்தேன். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது, நாலு ஆளுக்கான வீம்பு.

புத்தகத்தைப் பிரிக்க பஸ்ஸில் இடமில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் வயலுக்குப் போய், மோட்டார் கொட்டகையில் கதவைச் சாத்திக்கொண்டு, பாடத்தை என் குரலிலேயே போனில் பதிவு செய்தேன். கேள்வியைச் சொல்லுவேன். நாலு விநாடி சும்மா இருப்பேன். பிறகு விடையைச் சொல்லுவேன். அந்த நாலு விநாடிக்குள் மனசுக்குள் நானே விடை சொல்லிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. மின்சாரம் வந்தால் மோட்டார் ஓட ஆரம்பித்துவிடும், எனவே சில கேள்விகளுக்குப் பின்னால் தடதடவென்று சத்தம். சிலவற்றில் மயில் கத்தும். இருபது கேள்விக்கு ஒரு பாட்டு என்று நடுநடுவே சினிமாப் பாட்டையும் சொருகி வைத்தேன். பிள்ளைக்குக் கஷாயம் கொடுத்துவிட்டுச் சர்க்கரை வைப்பார்களே, அப்படி.

இனி பட்டனுக்கு வருகிறேன். கடையில் வாங்கும்போது அதற்குத் தெரிந்த வேலை மூன்றுதான். ஒரு முறை அமுக்கினால் ஓடுவது நிற்கும், நின்றது ஓடும். இரண்டு முறை அமுக்கினால் அடுத்தது. அழுத்திப் பிடித்தால் கடைசியாகப் பேசிய நம்பருக்குப் போன் போகும். கீரனூரில் காலை எட்டு மணி பஸ்ஸில் ஏறியவர்களுக்குத் தெரியும், அங்கே எதையும் நாமாக அழுத்த வேண்டியதில்லை. யாராவது ஒருவர் தோள் பட்டு, பட்டன் அமுங்கி, எங்கள் கடை சூப்பர்வைசருக்கு மூன்று நாள் தொடர்ந்து போன் போயிருக்கிறது. “காலங்காத்தால எனக்குப் போனப் போட்டு என்னம்மா முணுமுணுக்கிற? மந்திரமா?” என்று கேட்டார்.

அன்றைக்கு மதியமே, கடையின் பின்பக்கப் படிக்கட்டில் சோற்று டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பாட்டு நேரத்துக்குத் திருப்பித் தரும் போனில், பட்டனின் வேலையை மாற்றித் தருகிற ஒரு ஆப்பை இறக்கினேன். உள்ளே எல்லாம் ஆங்கிலம். எழுத்துக்கூட்டிப் படித்து, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, தப்பாகி, எடுத்துவிட்டு மறுபடி போட்டு, நாலு மதியம் ஆயிற்று. கம்ப்யூட்டர் சென்டர் வாசலைக்கூட மிதிக்காதவள் நான். நாலாவது நாள் பட்டன் என் சொல்பேச்சு கேட்டது. ஒரு முறை அமுக்கினால் நிற்கும். இரண்டு முறைக்குப் பாட்டு. மூன்று முறைக்குப் பத்து விநாடி பின்னால் போய் அதே கேள்வி மறுபடியும். அழுத்திப் பிடித்தால் ஒன்றும் நடக்காது. அந்த ‘ஒன்றும் நடக்காது’ வந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். அன்று சோறு ஆறியதுகூடத் தெரியவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கை சும்மா இருக்கவில்லை. என் போனின் ஓட்டை கொஞ்சம் லூசு. மாத்தூர் வேகத்தடையில் பஸ் ஏறி இறங்கினால் அதில் சொருகிய ஒயர் முனை அசைந்து பாடம் நின்றுவிடும். ‘ஒயர் கழன்றால் நிறுத்து’ என்று செட்டிங்கில் ஒரு டிக் இருந்தது. அதையும் எடுத்துவிட்டேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பஸ்ஸில் நிற்பவர்கள் பையை உட்கார்ந்திருப்பவர் மடியில் கொடுப்பது நம் பக்கத்து வழக்கம். பெயர் தெரியாது, ஊர் தெரியாது, பையை மட்டும் கொடுத்துவிடுவோம். என் பை போய்ச் சேருகிற மடி செல்வராணி அக்காவுடையது. நார்த்தாமலை நிறுத்தத்திலேயே ஏறிவிடுவதால் அவருக்குச் சீட்டு உறுதி. திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரி கேன்டீனில் தோசை ஊற்றும் வேலை. போன் பைக்குள், பை அக்கா மடியில், ஒயர் அங்கிருந்து புறப்பட்டு என் காது வரைக்கும். மாட்டைக் கட்டிப் போட்ட மாதிரி அந்த ஒயர் நீளத்துக்குள்தான் நான் அசைய முடியும். ஒரு கை கம்பியில், ஒரு கை பட்டனில். வாய் மட்டும் விடையை முணுமுணுத்துக்கொண்டிருக்கும்.

அந்த வாய் அசைவைத்தான் கமலா அத்தை பார்த்தார். அப்பாவுக்குத் தங்கை முறை, அடுத்த தெரு. மாமாவுக்கு மாத்திரை வாங்க வாரத்துக்கு ஒருமுறை அதே பஸ்ஸில் வருவார். ஒருநாள் நான் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது அப்பா என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

“காதுல ஒயர மாட்டிக்கிட்டு யாருகூடவோ பேசிக்கிட்டே வாரியாமே.”

“பாட்டு கேக்குறேன்ப்பா.”

“பாட்டு கேக்குறவளுக்கு வாய் எதுக்கு அசையுது? இந்த மாசத்தோட வேலய நிப்பாட்டிக்க.”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மூன்றாவது தடவையும் விழுந்தால் என்ற நினைப்பு அதைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டது. வேலை நின்றால் பஸ் நிற்கும், பஸ் நின்றால் படிப்பு நிற்கும், அடுத்து பெண் பார்க்க வருவார்கள். மாசம் முடிய ஒன்பது நாள் இருந்தது. நான் அழவில்லை. கோபம்தான் வந்தது, அதுவும் கமலா அத்தை மேல்.

இரண்டு நாள் கழித்து அத்தையும் ஏறினார். எனக்கு இரண்டு சீட் முன்னால் உட்கார்ந்துகொண்டு திரும்பித் திரும்பி என் வாயையே பார்த்தார். பார்க்கட்டும் என்று நான் இன்னும் நன்றாக அசைத்தேன். மாத்தூர் தாண்டியிருக்கும். கண்டக்டர் டிக்கெட் போட்டுக்கொண்டே கூட்டத்தைப் பிளந்து வந்தார். அவர் தோள்பையின் வார் என் ஒயரில் மாட்டியது. அவர் அங்கிட்டுப் போக, ஒயர் முனை பைக்குள்ளிருந்த போனைவிட்டுப் பிடுங்கிக்கொண்டு இங்கிட்டு வந்துவிட்டது.

ஒயர் கழன்றால் நிறுத்தக் கூடாது என்று போனுக்கு உத்தரவு போட்டவள் நானேதான். அது நிற்கவில்லை. பைக்குள்ளிருந்து ஒரு மயில் கத்தியது. அடுத்து என் குரல், மோட்டார் கொட்டகையின் எதிரொலியோடு, பஸ் முழுக்கக் கேட்டது.

“மனித உடலின் மிகப் பெரிய சுரப்பி எது?”

பிறகு நாலு விநாடி. அந்த நாலு விநாடி மௌனத்தில் பஸ்ஸே என்னைப் பார்த்தது. நான் கையிலிருந்த பட்டனை வெறி பிடித்தவள் போல அமுக்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று. எதோடும் சேராமல் தொங்குகிற ஒயரில் பட்டன் என்ன செய்யும்? செல்வராணி அக்கா பையின் ஜிப்போடு மல்லுக்கட்டினார். வாசற்படி அருகே போய்விட்ட கண்டக்டர் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி சத்தமாகச் சொன்னார்:

“இருதயம்!”

“கல்லீரல்” என்றது பை.

பஸ் சிரித்த சிரிப்பில் டிரைவரே ஒரு தடவை கண்ணாடியில் பார்த்தார். அடுத்த கேள்வி வைட்டமின். அடுத்தது சித்தன்னவாசல். அதற்கு மூன்று பேர் ஒரே நேரத்தில் விடை சொன்னார்கள், சரியாகவே சொன்னார்கள். ஜிப் திறக்கும்போது ஆறாவது கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு முகமெல்லாம் எரிந்தது. கமலா அத்தை திரும்பி என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். அத்தை வாயை மூடியதை நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

எந்த வாய் போய்ச் சொன்னதோ அதே வாய்தான் இதையும் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் காலையில் அப்பா வண்டியை உதைத்தார், நான் பின்னால் ஏறினேன். கீரனூர் ஸ்டாண்டில் இறங்கியதும் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“பெரிய சுரப்பி கல்லீரலாமே. எனக்கும் இருதயம்னுதான் நெனப்பு.”

அவ்வளவுதான். மாசம் முடிந்தது. வேலையைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. அந்தக் கண்ணாடியை அவர் அத்தனை நேரம் துடைத்தது எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

அதற்குப் பிறகு பஸ்ஸே என் வகுப்பாகிவிட்டது. கண்டக்டர் டிக்கெட் கொடுக்கும்போதெல்லாம் “இன்னைக்கு என்ன பாடம்?” என்பார். செல்வராணி அக்காவோ, “ஒரு காத இங்கிட்டுக் குடு பிள்ள” என்று ஹெட்செட்டின் ஒரு பக்கத்தை வாங்கித் தன் காதில் சொருகிக்கொண்டார். பட்டனும் அவர் கைக்குப் போயிற்று. நானோ இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ராணி மாதிரி நின்றேன். கேள்வி முடிந்ததும் அக்கா ஒரு அமுக்கு அமுக்கி நிறுத்திவிட்டு என் வாயைப் பார்ப்பார். சரியான விடையா என்று அவருக்குத் தெரியாது, போன் சொன்னால்தான் தெரியும். தப்பென்றால் மூன்று அமுக்கு. “மறுபடி சொல்லு” என்று கண்ணாலேயே மிரட்டுவார். ஆனால் அக்காவுக்கு உண்மையில் பாட்டின் மேல்தான் கண். ஏழெட்டுக் கேள்வி ஆனதும் இரண்டு அமுக்கு அமுக்கிப் பாட்டுக்கு ஓடிவிடுவார். “இருவது ஆகலக்கா” என்றால், “ஒனக்கு என்ன, நின்னுக்கிட்டு வார. உக்காந்துக்கிட்டு வாரவளுக்குத் தூக்கம் வராதா?” என்பார். இந்த நியாயத்துக்கு எந்தக் கோர்ட்டிலும் பதில் கிடையாது.

பாஸானேன். பேரும் நம்பரும் வந்த அன்று முதலில் அப்பாவுக்குச் சொன்னேன், அடுத்து பஸ்ஸுக்கு. கண்டக்டர் விசிலை ஊதிவிட்டார், வண்டி நிறுத்தமில்லாத இடத்தில் நின்றது. அக்கா என் கன்னத்தைக் கிள்ளினார். அந்த விரலில் தோசை மாவு வாசனை.

வேலை கிடைத்ததும் திசை மாறிவிட்டது. எனக்குத் திருச்சி பஸ் இல்லை. அக்கா மகளோடு கோயம்புத்தூர் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அந்த பஸ்ஸின் பெயரையே மாற்றிவிட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை, புதுப் போனோடு, ஒரு கல்யாணத்துக்காகத் திருச்சிக்குப் போனேன். புதுக்கோட்டையிலேயே ஏறியதால் ஜன்னலோரம் இடம் கிடைத்து உட்கார்ந்திருந்தேன். கீரனூரில் கூட்டம் ஏறியது. ஒரு பெண் எதுவும் கேட்காமல் என் மடியில் பையை வைத்தாள். நல்ல கனம். இரண்டு காதிலும் வெள்ளையாக ஒரு பொட்டு, ஒயர் இல்லை. கொஞ்ச நேரத்தில் அவள் உதடு அசைய ஆரம்பித்தது. அசையும், நிற்கும், யோசிக்கும், மறுபடி அசையும். எனக்கு அந்த நாலு விநாடி நன்றாகத் தெரியும். ஒரு இடத்தில் தடுமாறினாள், நெற்றியைச் சுருக்கினாள். என் கட்டைவிரல் தன்னால் எழுந்து, பையின் மேல் மூன்று முறை அமுக்கியது.

அவள் பார்க்கவில்லை. அவள் காதுக்குள் ஓடிய கேள்வி என் காதிலும் விழவில்லை.