ஓடையில் நின்ற மரை

நமுனுகுல மலைச்சரிவில், தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் போஞ்சிக் கொடி போட்டிருந்தோம். விடியும் நேரத்தில் காட்டிலிருந்து ஒரு மரை இறங்கி வந்து அதை மேய்ந்துவிட்டுப் போகும். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை அதை எல்க் என்பார். பெயர் எதுவானால் என்ன, மாட்டளவு உயரமும் மான் முகமுமாக வந்து, நாங்கள் நட்டதைக் கொஞ்சமும் வெட்கமில்லாமல் தின்னும்.

அப்போது நான் முழுகாமல் இருந்தேன். தலைப்பிள்ளை. பெண்டாட்டி முழுகாமல் இருக்கும்போது புருஷன் எந்த உயிரையும் கொல்லக் கூடாது, கொன்றால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்பது எங்கள் சனங்களின் வழக்கம். என் வீட்டுக்காரர் ஒரு கோழியைக்கூட அறுக்க மாட்டார். மரைக்குச் சுருக்கு வைக்கச் சொன்னவர்களிடம், "எம் பிள்ளை பொறக்கட்டுங்க, அப்புறம் பாப்போம்" என்பார். தினமும் வேலியோரம் குந்திக்கொண்டு அது தின்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். விரட்டவும் மாட்டார்.

"போஞ்சியோட ரசமும் வச்சுக் குடுக்கவா அதுக்கு?" என்று நான் கேட்டால் சிரிப்பார்.

ஒரு சனிக்கிழமை காலையில் பேர் பதியும் பெரட்டில் கங்காணி அவரைக் கூப்பிட்டார். மறுநாள் துரை நாய்களோடும் கத்தியோடும் வேட்டைக்குப் போகிறாராம், மரை வரும் தடம் இவருக்குத்தான் தெரியுமாம். இவர் என் நிலைமையைச் சொல்லி மறுத்தார். கங்காணி முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"ஒன்னைய யாருடா கொல்லச் சொன்னா? தடத்தக் காட்டிட்டு ஒதுங்கி நில்லு."

போகாவிட்டால் தோட்டத்தை விட்டே துரத்துவார்கள். போனார்.

நாய்கள் துரத்தினால் மரை தண்ணீரைத் தேடித்தான் ஓடும். ஓடையில் இறங்கி, பாறைக்கு முதுகு கொடுத்து நின்று உதைக்கும். அன்றும் அப்படித்தான் நின்றதாம். கத்தியோடு இறங்கப் போன துரை பாசியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார். நாய்கள் மரையை உயிரோடு பிய்க்கத் தொடங்கின. கரையில் கிடந்தபடியே துரை கத்தியை இவரிடம் நீட்டினார்.

மத்தியானம் வந்தவர் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"அது கத்துனத கேட்டுக்கிட்டு நிக்க முடியல புள்ள. நான்தான் குத்துனேன்."

நான் அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. என் ஆத்திரமெல்லாம் துரை மேலும் கங்காணி மேலும்தான். ஆனாலும் எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

எட்டாம் மாதம், மழையில், கொழுந்துக் கூடையோடு சறுக்கி விழுந்தேன். அன்றே பிறந்துவிட்டது. ஆண் பிள்ளை. அழவே இல்லை. அந்த வயிற்றோடு என்னை மலைக்கு அனுப்பினார்களே, அதுதான் என் பிள்ளையைக் கொன்றது. எந்தக் கோயில் வாசலில் வேண்டுமானாலும் நின்று சொல்வேன். அவரிடமும் எத்தனையோ தடவை சொன்னேன். அவர் காதில் வாங்கவே இல்லை. தேயிலைக்கு நடுவில் தானே குழி வெட்டிப் புதைத்துவிட்டு வந்தார்.

துரைக்குக் கால் சரியாகி, மறுபடி வேட்டைக் கொம்பு ஊதியது. இந்தத் தடவை கங்காணிகூட இரக்கப்பட்டு அவரைக் கூப்பிடவில்லை. அவராகவே எழுந்தார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"வேணாங்க, போகாதீங்க."

"இனிமே எனக்கு என்ன தடை இருக்கு புள்ள?" என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

கையை விட்டுவிட்டேன்.