பாவாடை கொடியான நாள்

யென் அரசு வீழ்ந்தபோது அலுசென்னுக்கு வயது இருபத்தாறு. அவள் கணவன் தலைநகரான யே நகரத்து மதிலடியில் செத்துக் கிடந்தான். வென்ற அரசன், யென் அரசை ஆண்ட அவள் இனமான ஷியான்பெய் குடிகளைக் கூண்டோடு மேற்கே ஓட்டிச் சென்றான். அவளும் கொழுந்தன் குலுகனும் எப்படியோ தப்பி, ஒரு சிற்றூரில் ஊரார் குதிரைகளைப் பழக்கிப் பிழைத்தார்கள். தாய்மொழியில் வாய்விட்டுப் பேசுவது குதிரைகளோடு மட்டும்தான்.

பதினான்கு ஆண்டுகள் போயின. ஒருநாள் குலுகன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"அண்ணி! நம்ம பழைய தளபதி எதிரியை விட்டுட்டு ஆத்தைத் தாண்டி வந்துட்டாராம். மறுபடியும் யென் அரசுன்னு அறிவிச்சிட்டாராம்!"

"எதிரிகிட்ட ஓடிப்போனாரே, அவரா? அன்னிக்கு அவரு இருந்திருந்தா உங்க அண்ணன் செத்திருப்பானாடா?"

"நம்ம அரண்மனையே அவரைக் கொல்லப் பாத்துச்சு, ஓடினாரு. இப்ப திரும்பி வந்திருக்காருல்ல?"

அவள் குதிரைக்குப் புல் போடத் திரும்பினாள்.

மறுநாளே தளபதியின் ஆள் ஒருவன் ஆள் திரட்ட வந்தான். கூட்டம் சேர்ந்தது, ஆயுதம் இல்லை. பட்டுப்புழுவுக்கு இலை தரும் முசுக்கட்டை மரங்களை வெட்டி ஈட்டிக் காம்பு சீவினார்கள். கொடிக்குத் துணி கேட்டதும் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அலுசென் உள்ளே போய்த் தன் கல்யாணச் சிவப்புப் பாவாடையை எடுத்துவந்து, எல்லாரும் பார்க்கச் சர்ரென்று கிழித்தாள்.

"புடிடா குலுகா. கீழ விட்டே, தோலை உரிச்சிடுவேன்!"

அவ்வளவுதான். ஊர்ப் பாவாடையெல்லாம் கொம்பில் ஏறின.

இரண்டே நாளில் இரும்புக் கவசம் பூண்ட எதிரிப்படை ஊருக்கு மேற்கே முகாமிட்டது. வெயிலில் அது உருக்கிய வெள்ளியாய் மின்னியது. கழியோடு நின்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள்.

"பொழுது சாயட்டும்" என்றான் ஆள் திரட்ட வந்தவன். "கவசம் கண்ணுக்குத் தெரியலேன்னா அவனும் நம்மள மாதிரி மனுசன்தான்."

அந்தி கவிந்ததும் முரசு அதிர்ந்தது. லாயத்து மதில்மேல் ஏறி நின்ற அலுசென்னுக்கு மயிர்க்கூச்செறிந்தது. மேய்ச்சல் நிலங்களிலிருந்தும் மலைச்சரிவிலிருந்தும் வெள்ளம்போல் ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். இத்தனை பேர் எங்கே ஒளிந்திருந்தார்கள்? ஆயிரம் தொண்டைகள் அவள் மொழியில் முழங்கின. முன்னால், தீப்பிழம்பாய், அவளுடைய சிவப்புத் துணி. அது ஒருமுறை சாய்ந்தது. நிமிர்ந்தது. பிறகு முகாமின் வேலியைத் தாண்டி உள்ளே போனது.

குலுகன் ஒரு காதை இழந்து வந்தான், சிரித்துக்கொண்டே.

அடுத்து, எதிரி வசமிருந்த யே நகரத்தைத் தளபதியின் படை வளைத்தது; அது எளிதில் பணியவில்லை. முற்றுகை ஓராண்டைத் தாண்டியது, தானியம் தீர்ந்தது. பட்டுப்புழு வளர்க்கக் கூடாது, இலை பறித்தால் காய்ப்புக் குறையும், முசுக்கட்டைப் பழம் படைக்கு வேண்டும் என்று ஆணை வந்தது. அலுசென்னும் பாசறையில் குதிரைகளைப் பார்த்துக்கொண்டு அந்தப் பழத்தையே தின்றாள். படைத்தலைவன் முதல் புல்லறுப்பவன் வரை எல்லாருடைய உதடும் ஒரே கறுப்பு.

கடைசியில் நகரம் விழுந்தது. வடக்கே புதுத் தலைநகரில் அரச லாயத்துக் குட்டிகளைப் பழக்கும் வேலை அவளுக்குக் கிடைத்தது. ஒருநாள் தளபதி அரசராகப் பவனி வந்தபோது, ஊரே மண்டியிட்டது. அவளும் மண்டியிட்டாள்.

"என்ன அண்ணி, கோவம் போயிடுச்சா?" என்று காதற்ற பக்கத்தைச் சொறிந்தபடி கேட்டான் குலுகன்.

"போகலடா," என்றாள். கண்ணீர் தாடையில் வழிந்தது. "ஆனாலும், செத்த அரசை எழுப்பிட்டாரே!"