ஃபைல் மூலையில் ஒரு எல்.டி.

1. லாட்ஜிலிருந்து வந்தவன்

கும்பகோணத்தில் ஒரு லாட்ஜ் ரிசப்ஷனில் பதினெட்டு வருடம் உட்கார்ந்திருந்துவிட்டு, பாபநாசத்துக்குப் பக்கத்தில் உள்ள இந்தப் பராமரிப்பு இல்லத்தில் அட்மிஷன் மேனேஜராகச் சேர்ந்தேன். முதல் நாள், உரிமையாளரான டாக்டர் என் அனுபவச் சான்றிதழைப் படித்துவிட்டுச் சொன்னார்:

"நல்லதாப் போச்சு சார். இங்கயும் ரூம் குடுக்கறதுதான் வேலை. என்ன, அங்க வர்றவங்க தானா கெளம்பிடுவாங்க."

கட்டடம் முன்பு கல்யாண மண்டபமாக இருந்தது. மணமகள் அறையில் இப்போது பிசியோதெரபி நடக்கிறது. சாப்பாட்டுக் கூடம் வார்டாகிவிட்டது. தன் மகள் கல்யாணத்தை இங்கேயே நடத்திய ஒருவர், அன்று பந்தி நடந்த இடத்திலேயே கட்டில் போட்டுப் படுத்திருந்தார். அவரிடம் அதைப் பற்றிப் பேசலாமா கூடாதா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

எங்களிடம் இரண்டு வகையானவர்கள் வருவார்கள். எலும்பு முறிவு, பக்கவாதம் என்று வந்து, நடக்கப் பழகி வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் ரீஹேப். திரும்பாமல் இங்கேயே இருந்துவிடுகிறவர்கள் லாங் டெர்ம், சுருக்கமாக எல்.டி. யார் எந்த வகை என்று எழுத விண்ணப்பத்தில் ஒரு கட்டம் உண்டு. கேட்டால் எந்தக் குடும்பமும் நேராகப் பதில் சொல்லாது. "மொதல்ல நடக்கட்டும் சார், பாக்கலாம்" என்பார்கள். அதனால் கட்டம் பல வாரம் காலியாகக் கிடக்கும்.

எனக்கோ லாட்ஜ் மூளை. பெட்டியைப் பார்த்தே ஆள் எத்தனை நாள் தங்குவார் என்று சொல்லிப் பழகியவன். ராத்திரி டியூட்டியில் படித்துத் தள்ளிய லைப்ரரி புத்தகங்களும் சேர்ந்து, மனித மனம் எனக்கு அத்துப்படி என்ற எண்ணத்தைக் கொடுத்திருந்தன. அம்மாவுக்கு இரண்டு நைட்டி, ஒரு பிளாஸ்க் என்று கொண்டுவந்தால் ரீஹேப். டிவி, பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் மாட்டப் படம் என்று வந்தால் எல்.டி. எல்லாவற்றையும்விட உறுதியான கேள்வி ஒன்று வைத்திருந்தேன்: "வீட்டுல வெஸ்டர்ன் டாய்லெட் இருக்குங்களா?" இடுப்பில் ஆபரேஷன் ஆனவரால் குந்தி உட்கார முடியாது. அழைத்துப் போக நினைக்கிறவர்கள் கொத்தனாரைத் தேடுவார்கள். நினைக்காதவர்கள் பேச்சை மாற்றுவார்கள்.

பார்த்த பத்தாவது நிமிடம் ஃபைலின் வலது மூலையில் பென்சிலால் சின்னதாக ஒரு குறி போடுவேன். எனக்காகத்தான். என் கணிப்பு சரியா என்று நானே சோதித்து மெச்சிக்கொள்வதற்காக.

2. பாக்கியம் வந்த ஆடி மாதம்

பாக்கியம் வலங்கைமான் பக்கத்துக் கிராமம். அறுபத்தெட்டு வயது. நாற்பது வருடம் நடவு வேலை, அதில் பாதிக் காலம் ஒரு கொத்துக்கு, அதாவது நடவுப் பெண்களின் குழுவுக்கு, தலைவி. அந்தக் கூலியிலேயே மூன்று மா, கிட்டத்தட்ட ஒரு ஏக்கர், நிலம் வாங்கி, கணவர் போன பிறகும் தனியாகப் பயிர் வைத்துக்கொண்டிருந்தார். கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. தஞ்சாவூரில் ஆபரேஷன் முடிந்து பத்தாம் நாள் இங்கே வந்தார். ஓசூரில் வேலை பார்க்கும் மகன் அறிவழகன் காரில் கொண்டுவந்து சேர்த்தான்.

சேர்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "பொரட்டாசி நடவுக்குள்ள வீட்டுக்குப் போயிடுவனா?"

"போகலாம்மா, போகலாம்" என்றேன். ரிசப்ஷன் வாய்.

மகனிடம் என் கேள்வியைக் கேட்டேன். "இந்தியன்தான் சார், அதுவும் கொல்லையில இருக்கு" என்றவன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். அடுத்து காரிலிருந்து இறங்கியது மாலை போட்ட ஒரு படம். பாக்கியத்தின் கணவர். அதைக் கட்டிலுக்கு எதிரே மாட்டச் சொன்னார்கள். கணவரின் படமே குடிவந்துவிட்டால் கேட்பானேன்? எல்.டி. என்று எழுதினேன். கையெழுத்துகூட அழகாக இருந்தது.

3. செவ்வாயும் வெள்ளியும்

ஐந்து வாரம் கழித்து வார்டில் ஒரு சுற்று வந்துகொண்டிருந்தேன். பாக்கியம் கூப்பிட்டார்.

"மேனேஜர் தம்பி, ஒண்ணு கேக்கறேன். பாதி ஆளை வரப்புல ஒக்கார வெச்சிட்டு நடவு நட்டா எப்ப முடியும்?"

"ஏம்மா?"

"அந்தப் பிசியோ பொண்ணு பக்கத்துக் கட்டிலுக்குத் தெனம் ரெண்டு வேளை வருது. என்கிட்ட செவ்வாயும் வெள்ளியும்தான். நானும் அஞ்சு வாரமாப் பாக்கறேன். காசு கொறச்சலாக் கட்டிட்டானோ எம்மவன்?"

எல்லோரும் ஒரே தொகைதான் கட்டுகிறார்கள். விறைப்பாக மணமகள் அறைக்குப் போனேன். பிசியோதெரபிஸ்ட் நித்யா கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே ஒருவரை நடக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, பாக்கியம் அம்மாவுக்கு ஏன் தெனம் பண்றதில்ல?"

"அவங்க எல்.டி.தானே சார். எல்.டி.க்கு வாரம் ரெண்டு நாள் போதும். நான் ஒரே ஆளு, இருக்கற நேரத்தை ரீஹேப் கேஸுக்குக் குடுத்தாகணும்ல?"

"எல்.டி.ன்னு யாரு சொன்னா? கட்டம் காலியால்ல இருக்கு?"

நித்யா என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "நீங்கதான் சார். ஃபைல் மூலையில போட்டிருக்கீங்களே. கட்டம் நெறையற வரைக்கும் நாங்க அதைத்தான் பாப்போம். சிஸ்டரும் அதைப் பாத்துத்தான் பெட் போடறாங்க."

"அது சும்மா பென்சில்தாம்மா…"

"பென்சிலா இருந்தா என்ன சார்? இதுவரைக்கும் ஒண்ணுகூடத் தப்பினதில்லையே."

பாராட்டாகத்தான் சொன்னாள். ஆபீசுக்குப் போய் உட்கார்ந்தேன். ஒன்றுகூடத் தப்பாததற்கு நான் கெட்டிக்காரன் என்பதுதான் காரணம் என்று அந்தக் கணம் வரை நம்பியிருந்தேன். நடக்கப் பழக்காவிட்டால் யாரும் நடக்க மாட்டார்கள். நடக்காதவரை யாரும் வீட்டுக்கு அழைத்துப் போக மாட்டார்கள். எனக்கு எதிரே அலமாரியில் பழைய ஃபைல்கள் வரிசையாக நின்றன. அன்று எடுத்துப் பார்க்கக் கை போகவில்லை. மறுநாள் எடுத்துப் பார்த்தேன். அந்தப் பெயர்களை இங்கே எழுதப் போவதில்லை. சிலர் இன்னும் வார்டில் இருக்கிறார்கள், காலையில் எனக்கு வணக்கம் சொல்கிறார்கள்.

ஓசூருக்குப் போன் போட்டேன்.

"தம்பி, வீட்டுல வெஸ்டர்ன் வைக்கறது பத்தி…"

"சார், சேத்த அன்னிக்கே கொத்தனார்ட்ட பேசிட்டேன். அதுக்குத்தான் வெளிய போனேன். எந்த மாசம் அனுப்புவீங்கன்னு போன வாரம் ஒங்களைத்தான் கேட்டேன். 'வயசாயிடுச்சுல்ல, பாக்கலாம்'னீங்க. சரி, அம்மா இனிமே எந்திரிக்க மாட்டாங்க போலன்னு வேலைய நிறுத்திட்டேன் சார்."

அவன் கொத்தனாரைத் தேடுவானா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

4. சொல்ல வேண்டியவரிடம் சொன்னது

டாக்டரிடம் சொன்னேன். அன்றிலிருந்தே தினம் இரண்டு வேளை என்று ஆயிற்று. பாக்கியத்திடமும் சொல்லியாக வேண்டும் என்றேன். "எதுக்கு சார் வம்பு? அதான் சரி பண்ணியாச்சே" என்றார். வம்புதான். ஆனாலும் போனேன். கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டே, குறியைப் பற்றியும் செவ்வாய் வெள்ளியைப் பற்றியும் சொல்லி முடித்தேன்.

"எதை வெச்சு நான் திரும்ப மாட்டேன்னு நெனச்சே?"

"படம்… ஐயா படம் கொண்டாந்தீங்கல்ல. நெரந்தரமா வர்றவங்கதான் அப்படிக் கொண்டாருவாங்க."

பாக்கியம் படத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"வூட்டப் பூட்டிட்டு வந்துட்டோம். வெளக்கு வெக்க ஆளில்ல. அந்த மனுசன் தனியா இருட்டுல கெடக்கணுமான்னு தூக்கியாந்தேன். இது ஒரு குத்தமா?"

"குத்தமில்லம்மா."

"நாலு எழுத்து படிச்ச ஆளுதானே நீ? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? இங்கனதானே கெடந்தேன். வாய்ல என்ன அடைப்பா?"

பக்கத்துக் கட்டில் அம்மாள் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். நான் மன்னிப்பு கேட்டேன். அதன் பிறகு மூன்று வாரம் நித்யாவிடம் பேசினார், பாத்திரம் கழுவுகிறவரிடம் பேசினார், என்னைத் தாண்டி ஜன்னலைப் பார்த்தார். நியாயம்தான்.

நித்யா அவரை விடாமல் நடக்க வைத்தாள். "அம்மா, இன்னும் பத்தடி." "நட்டுக்கிட்டே பின்னால போறதுதான்டி எனக்குப் பழக்கம், முன்னால போகச் சொல்றியே." ஆனால் கிடந்தே கரைந்த தொடைச் சதை, கேட்டதும் திரும்பிவிடாது. புரட்டாசி வந்தது. வாக்கரில் நாற்பது அடி நடந்தார். அந்தச் சம்பாவுக்கு மூன்று மாவையும் குத்தகைக்கு விட்டுவிட்டதாக மகன் போனில் சொன்னான்.

கார்த்திகையில், கொல்லைப்புறத்தில் வெஸ்டர்ன் வைத்த படம் மகனிடமிருந்து போனில் வந்த பிறகு, வாக்கரோடு வீட்டுக்குப் போனார். கிளம்பும்போது எங்கள் இல்லத்து வாசலில் மூன்று படிகள். மகன் நீட்டிய கையை வேண்டாம் என்றார். இறங்கி முடித்துவிட்டு, என்னிடம் மூச்சு வாங்கச் சொன்னார்:

"வூடு வரைக்கும் போயிடுவேன் தம்பி. வரப்பு போச்சு. இனிமே ரோட்டுல நின்னுதான் வயலைப் பாக்கணும்."

சரிம்மா என்று தலையாட்டினேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். அட்மிஷன் அன்று மகன், மருமகள், டிரைவர் எல்லோரும் உங்களிடம் பேசுவார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர் பேசாமல் இருப்பார். நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டு, "எங்க போகணும்னு நெனைக்கிறீங்க?" என்று கேளுங்கள். சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். உங்கள் கணிப்பை எங்கும் எழுதாதீர்கள்.

நான் இப்போது அப்படித்தான் கேட்கிறேன். அநேகமாக எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: வீட்டுக்கு. எழுதிக்கொள்கிறேன். நித்யா எல்லோருக்கும் தினமும் போகிறாள், இன்னொரு ஆள் வேண்டும் என்று என்னிடம் தினமும் சண்டை போடுகிறாள். எழுதும்போதே, இவரால் முடியாது என்று எனக்குச் சில சமயம் நன்றாகத் தெரிகிறது. அப்படித் தெரிவதுதான் என் வியாதி என்று சொல்லிக்கொண்டு, அடுத்தவரை உள்ளே வரச் சொல்கிறேன்.